வெளிநாட்டில் சாரணருக்கு நட்பு கிடைக்க

வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போகும் சாரணர்களே, கிளம்பும் முன்பே உங்கள் தேசியச் சாரணர் அமைப்பின் சர்வதேச ஆணையரிடம் ஓர் அறிமுகக் கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள். போகும் நாட்டில் எந்த அமைப்பு உலகச் சாரணர் இயக்கத்தில் உறுப்பு என்பதையும் அவரிடமே விசாரிக்கலாம்.

போனதும் அருகிலுள்ள குழுவிடம் கடிதத்தைக் கொடுத்து, "நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். கூடாரம் அடிக்கவும் பாத்திரம் கழுவவும் மொழி அதிகம் தேவைப்படாது. சாரணர்கள் ஒருவரையொருவர் வரவேற்கும் இடக்கைக் குலுக்கல் எந்த நாட்டுச் சாரணருக்கும் தெரியும். பெரியவர்களிடம் பின்னணிச் சரிபார்ப்பும் குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்கக்கூடும். மனம் வருந்தாதீர்கள், பெற்றோர் உங்களை நம்பத் தொடங்குவதே அதன் பிறகுதான். பழைய குழுவின் பெருமையையும் பெற்ற விருதுகளையும் ஆரம்பத்தில் பேசாமலிருப்பது நல்லது என்பேன். வாராவாரம் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றாலே போதும், பழக்கம் தானாக வளரும்.

ஊர் நினைப்பு வாட்டுகிறதா? ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஜோட்டா-ஜோட்டி என்ற உலகச் சாரணர் சந்திப்பில் அமெச்சூர் வானொலியிலும் இணையத்திலும் உலகெங்குமுள்ள சாரணர்களோடு பேசலாம். ஐரோப்பாவில் இருப்பவர்கள் விடுமுறைக்குச் சுவிட்சர்லாந்தின் காண்டர்ஸ்டெக் சர்வதேசச் சாரணர் மையத்துக்குப் போகலாம். 1923 முதல் பல நாட்டுச் சாரணர்கள் அங்கே சேர்ந்து தங்குகிறார்கள்.