எந்தச் சோதனைச்சாவடி?

தமிழக–கேரள எல்லையில், தமிழகப் பக்கம் இருக்கும் புளியரையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வந்த லாரிக்காரர் ஒருவர், இணைய வரைபடத்தை நம்பி மலையேறி, கேரளப் பக்கம் உள்ள ஆரியங்காவுக்கே போய்விட்டார். அங்கிருந்து போனில் மலையாளத்தில் நல்ல வசவு.

தப்பு என்னுடையதும்தான். வரைபடத்தில் கடைக்குப் போட்ட முகவரியில் ‘சோதனைச்சாவடி அருகில்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். எல்லைக்கு இரண்டு பக்கமும் சாவடி உண்டே! பின்கோடும் போடவில்லை. 67, 68, 69 என்று தொடங்கினால் கேரளப் பக்கம், எங்களுடையது 627.

முகவரியைத் திருத்தினேன். எழுத்து மாறியது, வரைபடத்தில் கடையைக் காட்டும் குறி மட்டும் மலையிலேயே நின்றது. குறியைத் தனியாக நகர்த்த வேண்டுமாம். தகரக் கூரைக்குள் ஜிபிஎஸ் தடுமாறியதால் சாலையோரம் வெயிலில் நின்று அட்சரேகை, தீர்க்கரேகையை ஐந்து தசம இடம் வரை எடுத்தேன். ஐந்தாவது இடத்தில் ஒன்று மாறினால் ஏறக்குறைய 1 மீட்டர்தான் தள்ளும். பஞ்சர் கடைக்கு அது தாராளம். பெயர்ப்பலகையும் சாலையும் சேர்ந்து தெரியும் படத்தோடு அனுப்பினேன். என் கடைக்குப் பழைய போன் எண்ணோடு யாரோ போட்டிருந்த இன்னொரு பதிவையும் ‘இரட்டைப் பதிவு’ என்று புகார் செய்தேன்.

மூன்றாம் நாள் குறி இறங்கி வந்தது. திட்டியவரும் போன வாரம் வந்தார். டீ என் செலவு. பஞ்சருக்குக் காசு வாங்கிக்கொண்டேன்.