ஏற்காடு மலைப்பாதையை ஒரு சர்க்யூட் போர்டில் வரைவோம்: முதல் எல்இடி போர்டு, படிப்படியாக

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவுக்கு ஒன்று என்று 20 எல்இடி, அவற்றை இணைக்கிற தாமிரக் கோடுதான் சாலை. முதன்முதலாகச் சொந்தமாக ஒரு போர்டு வடிவமைக்க இதைவிட நல்ல திட்டம் எனக்குத் தோன்றவில்லை. உள்ளங்கை அளவு, சர்க்யூட்டும் எளிது, முடித்தபின் ஜன்னலில் மாட்டிவைக்க ஒரு பொருளும் கிடைக்கும்.

ஆடிப் பண்டிகைக்குத் தெருவெல்லாம் கட்டுகிற சீரியல் செட்டில் ஒரு வரிசை பல்பு முழுக்கச் சேர்ந்துதான் எரியும், சேர்ந்துதான் அணையும். நாம் எடுக்கப்போகிற டபிள்யூஎஸ்2812பி அப்படியில்லை. நியோபிக்சல் என்று விற்பதும் பெரும்பாலும் இந்த ரகம்தான். 5 மி.மீ. சதுரத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இருக்கும், கூடவே ஒரு குட்டி சிப்பும் இருக்கும். கால்கள் நான்கு: 5 வோல்ட், கிரவுண்ட், டேட்டா இன், டேட்டா அவுட். வருகிற தகவலில் முதல் 24 பிட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த எல்இடிக்குத் தள்ளிவிடும். ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ செகண்ட், ஆக 20 எல்இடிக்கும் நிறம் சொல்லி முடிக்க 600 மைக்ரோ செகண்ட் போதும்.

முதலில் மின்கணக்கு

டேட்டா கோட்டைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். இந்த மாதிரி போர்டில் உண்மையில் கவனிக்க வேண்டியது 5 வோல்ட்டும் கிரவுண்டும் எப்படிப் போய்ச் சேருகின்றன என்பதைத்தான்.

முழு வெள்ளையில் ஒரு எல்இடி 60 மில்லியாம்ப் வரை இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 எல்இடி என்றால் 1.2 ஆம்பியர். எல்இடிகளுக்குத் தகவல் அனுப்ப வெளியே ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அதாவது ஒரு குட்டிக் கணினி வேண்டும், ஆர்டுயினோ யூனோ மாதிரி. யூனோவில் யுஎஸ்பி வழியாக வருகிற மின்சாரத்துக்கு 500 மில்லியாம்ப் ஃபியூஸ் இருக்கிறது, அதனால் அதன் 5 வோல்ட் காலிலிருந்து இந்த போர்டுக்கு சப்ளை எடுக்காதீர்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று தனியாக வையுங்கள். அடாப்டரின் கிரவுண்டும் ஆர்டுயினோவின் கிரவுண்டும் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும். "வயர் எல்லாம் சரியா இருக்கு, ஆனா கண்டபடி மினுக்குது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சர்க்யூட் வரைவது

மென்பொருள் கீகேட். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். புது ப்ராஜெக்ட் திறந்து, ஸ்கீமேட்டிக், அதாவது சர்க்யூட் படம் வரைகிற பக்கத்தில் 'ஏ' விசையைத் தட்டி 2812 என்று தேடினால் சிம்பல் கிடைக்கும். 20 முறை வையுங்கள், 'டபிள்யூ' விசையில் வயர் இழுத்து ஒன்றின் டேட்டா அவுட்டை அடுத்ததன் டேட்டா இன்னில் சேருங்கள். கடைசி எல்இடியின் டேட்டா அவுட் சும்மா இருக்கட்டும். அதன்மேல் 'இணைப்பு இல்லை' குறியைப் போட்டுவிட்டால் சோதனையில் அது பிழையாக வராது.

சேர்க்க வேண்டிய மற்றவை கொஞ்சம்தான். ஒவ்வொரு எல்இடிக்கும் 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில். சப்ளை நுழைகிற இடத்தில் 470 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் அல்லது அதற்கு மேல். டேட்டா நுழைகிற இடத்தில் 330 ஓம் ரெசிஸ்டர். மூன்று கம்பி மாட்டுகிற ஸ்க்ரூ டெர்மினல் ஒன்று.

யூனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 என்கிற மைக்ரோகண்ட்ரோலரை வைத்து ஓட்டப்போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். 5 வோல்ட்டில் ஓடும்போது இந்த எல்இடி, சப்ளையில் 0.7 பங்கு, அதாவது 3.5 வோல்ட் வந்தால்தான் '1' என்று எடுத்துக்கொள்ளும் என்கிறது டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தருகிற விவரத்தாள்). ஈஎஸ்பி32 தருவது 3.3. பல நேரம் இதுவே வேலை செய்துவிடும், அதுதான் சிக்கலே, மேஜையில் ஒழுங்காக ஓடிவிட்டு வேறு இடத்தில் மாட்டும்போது உதைக்கும். 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டாக ஏற்றித்தர 74ஏஎச்சிடி1ஜி125 என்று ஒரு ஐந்து கால் சிப் இருக்கிறது, அதை 5 வோல்ட்டில் இயக்கி, ரெசிஸ்டருக்கு முன்னால் வைத்துவிடுங்கள். அதன் 'எனேபிள்' காலைக் கிரவுண்டில் கட்டினால்தான் வெளியே சிக்னல் வரும். யூனோ, நானோ பயன்படுத்தினால் இது தேவையில்லை, அவை 5 வோல்ட்டிலேயே பேசும்.

மைக்ரோகண்ட்ரோலரையும் இதே போர்டில் ஏற்றலாமா என்று ஆசை வரும். முதல் போர்டில் வேண்டாம்.

எல்லாம் வரைந்ததும் இணைப்புகளில் பிழை தேடுகிற இஆர்சி சோதனையை ஓட்டி, ஒவ்வொரு பொருளுக்கும் ஃபுட்பிரிண்ட், அதாவது அது போர்டில் உட்காருகிற தாமிரத் தடம், ஒதுக்குங்கள். ரெசிஸ்டர், கெபாசிட்டர் எல்லாம் 0805 அளவில் (சுமார் 2 மி.மீ. நீளம்) இருந்தால் சாதாரண சால்டரிங் அயர்னாலேயே (ஈயப்பற்று வைக்கிற சூட்டுக்கோல்) கையால் வைத்துவிடலாம். அப்புறம் 'எஃப்8', எல்லாம் பிசிபி, அதாவது போர்டு வரைகிற பக்கத்துக்கு வந்து குவியும்.

வளைவுகளை அடுக்குவது

போர்டின் வெளிக்கோட்டைக் குறிக்கிற எட்ஜ் கட்ஸ் லேயரில் 80க்கு 100 மி.மீ. செவ்வகம் ஒன்று. 100க்கு 100க்குள் இருக்கிற, இரண்டு பக்கமும் தாமிரம் உள்ள இரண்டு லேயர் போர்டுக்குத்தான் பல தயாரிப்பாளர்கள் குறைந்த விலை வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டாதீர்கள். கீழே 15 மி.மீ. டெர்மினலுக்கும் பெரிய கெபாசிட்டருக்கும். அதற்கு மேலே முதல் எல்இடி இடது ஓரம், இரண்டாவது வலது ஓரம், மூன்றாவது மறுபடி இடது, ஒவ்வொன்றும் முந்தையதைவிட 4 மி.மீ. உயரத்தில். அதாவது ஒரே ஓரத்தில் இருப்பவற்றுக்கு நடுவில் 8 மி.மீ. கிடைக்கும். போர்டின் விளிம்புக்கும் எல்இடிக்கும் இடையில் 5 மி.மீ. விடுங்கள், காரணம் பின்னால் வருகிறது.

இந்த எல்இடியில் டேட்டா இன், டேட்டா அவுட் இரண்டும் எதிரெதிர் மூலையில் இருப்பது நமக்கு வசதி. இடது ஓர எல்இடியை, டேட்டா இன் கீழே உள்பக்கமும் டேட்டா அவுட் மேலே வெளிப்பக்கமும் வரும்படி 'ஆர்' விசையால் திருப்புங்கள். கோடு உள்ளே நுழைந்து, வெளிமூலையில் கிளம்பி, எல்இடியின் தலைக்கு மேலே வளைந்து எதிர்ப்பக்கம் போகும். கொண்டை ஊசி வளைவு தானாகவே வந்துவிட்டது! வலது ஓரத்திலும் அதே விதிதான்: இன் கீழே உள்பக்கம், அவுட் மேலே வெளிப்பக்கம். ஆனால் எல்இடி கண்ணாடி பிம்பம் ஆகாது, திரும்ப மட்டும்தான் செய்யும், அதனால் 5 வோல்ட் கால் இடது வரிசையில் உள்பக்கமும் வலது வரிசையில் வெளிப்பக்கமும் வந்து உட்காரும். 100 நானோஃபாரட் கெபாசிட்டர் அந்தக் காலை ஒட்டி இருக்க வேண்டும், அழகுக்காக எதிர்ப்பக்கம் தள்ளிவைத்தால் அதை வைத்த பலனே இல்லை.

டேட்டா கோட்டுக்கு 0.3 மி.மீ. அகலம் தாராளம். 'எக்ஸ்' விசையில் இழுத்துக்கொண்டே மேலே போங்கள்.

இப்போது முக்கியமான இடம். பின்பக்க லேயர் முழுக்கக் கிரவுண்ட் தாமிரம், முன்பக்க லேயர் முழுக்க 5 வோல்ட் தாமிரம் என்று இரண்டு ஸோன் (தாமிரம் நிரப்ப வேண்டிய பகுதி) வரைந்து 'பி' விசையைத் தட்டுங்கள், நிரம்பிவிடும். முன்பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓரத்துக்கு ஓரம் போய்வருகிற டேட்டா கோடு 5 வோல்ட் பரப்பை ஏறக்குறைய இரண்டாக வெட்டியிருக்கும், இடது ஓரத்தை ஒட்டி ஒரு பாதி, வலது ஓரத்தை ஒட்டி ஒரு பாதி, இரண்டும் சீப்பின் பற்கள்போல ஒன்றுக்குள் ஒன்று. இரண்டு பாதிக்கும் சப்ளை போக வேண்டும் என்றால் கீழே டெர்மினல் பக்கத்தில் அவை சேர்ந்திருக்க வேண்டும். டெர்மினலின் கால்கள் விளிம்பிலிருந்து 4, 5 மி.மீ. உள்ளே இருந்தால் அவற்றுக்குக் கீழே தாமிரம் சுற்றிவர இடம் இருக்கும். விளிம்பில் விடச் சொன்ன 5 மி.மீ.யும் இதற்காகத்தான், மேலே ஏறுகிற மின்சாரம் அந்த ஓரப்பட்டை வழியாகத்தான் போகிறது. கீகேட்டிலேயே இருக்கும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால், 35 மைக்ரான் தாமிரத்தில் 1.2 ஆம்பியருக்கு, 10 டிகிரி சூடேற அனுமதித்தால், சுமார் 0.4 மி.மீ. அகலம் போதும் என்று வரும். நம்மிடம் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது.

கிரவுண்ட் பின்பக்கம் இருப்பதால் ஒவ்வொரு எல்இடியின் கிரவுண்ட் காலுக்கும், ஒவ்வொரு கெபாசிட்டரின் கிரவுண்ட் முனைக்கும் பக்கத்தில் ஒரு வயா (இரண்டு பக்கத் தாமிரத்தையும் இணைக்கிற துளை) போடுங்கள். கால்களைத் தாமிரப் பரப்போடு மெல்லிய பட்டைகளால் மட்டும் இணைக்கிற தெர்மல் ரிலீஃப் என்கிற அமைப்பு ஸோனில் இருக்கும், அதை அணைத்துவிடாதீர்கள், அணைத்தால் அந்தத் தாமிரப் பரப்பு சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு, சால்டர் உருகவே உருகாது.

சில்க்ஸ்கிரீனில் (போர்டின் மேல் எழுத்து அச்சிடுகிற லேயர்) 1 முதல் 20 வரை எண் போடுங்கள். எல்இடியின் வெட்டுப்பட்ட மூலை எந்தப் பக்கம் வர வேண்டும் என்றும் ஒரு புள்ளி வையுங்கள். இந்த ரகத்தில் அந்த மூலை பெரும்பாலும் மூன்றாம் கால், அதாவது கிரவுண்ட். முதல் கால் என்று நினைத்துத் திருப்பி வைப்பவர்கள் நிறையப் பேர்.

ஆர்டருக்கு முன்

போர்டு வரைபடத்தில் பிழை தேடுகிற டிஆர்சி சோதனையை ஓட்டுங்கள், பிழை பூஜ்யமாக வேண்டும். அப்புறம் போர்டை அசல் அளவில் தாளில் பிரிண்ட் எடுத்து, கையில் இருக்கிற எல்இடியையும் டெர்மினலையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஜெராக்ஸ் கடையில் எடுப்பதாக இருந்தால் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அளவு சுருங்கிவிடும்.

சரியாக இருந்தால் தயாரிப்பாளருக்குத் தேவையான கெர்பர் கோப்புகளும் (ஒவ்வொரு லேயரின் படம்) டிரில் கோப்பும் (துளைகளின் பட்டியல்) எடுத்து, ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்ப வேண்டியதுதான். 1.6 மி.மீ. தடிமன், எஃப்ஆர்4 (வழக்கமான கண்ணாடி இழை போர்டு), இரண்டு லேயர், மற்றதெல்லாம் அவர்கள் வைத்திருக்கிறபடியே இருக்கட்டும். வெளிநாட்டில் ஆர்டர் செய்தால் கூரியரும் சுங்கமும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், சின்ன ஆர்டருக்குச் சில நேரம் உள்நாட்டுத் தயாரிப்பாளரே மலிவாக முடியும்.

ஏற்றுவதும் சோதிப்பதும்

முதலில் கெபாசிட்டர், ரெசிஸ்டர், சிப், கடைசியில் டெர்மினல், இவற்றுக்கு நடுவில் எல்இடி. சால்டரிங் அயர்ன் 320 முதல் 350 டிகிரி செல்சியஸ். ஒரு பேடில் (கால் உட்காருகிற தாமிரத் திட்டு) மட்டும் சால்டர் தடவி, எல்இடியை ட்வீசரால் நகர்த்தி உட்காரவைத்து, எதிர்மூலையைப் பிடித்து, பிறகு மற்ற இரண்டு. ஒரே காலில் நீண்ட நேரம் அயர்னை வைத்தால் எல்இடி உடல் உருகிவிடும். ஈரம் உறிஞ்சுகிற பொருள் இது, பாக்கெட்டை வாரக்கணக்கில் திறந்து போடாதீர்கள். எல்இடி 25 வாங்கி வையுங்கள்.

சப்ளை கொடுக்கும் முன் மல்டிமீட்டரில் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பீப் அடித்துக்கொண்டே இருக்கிறதா பாருங்கள். அடித்தால் எங்கோ ஷார்ட். ஆர்டுயினோவில் இந்த எல்இடிகளை ஓட்ட உதவுகிற ஃபாஸ்ட்எல்இடி லைப்ரரியில் எண்ணிக்கை 20, நிற வரிசை பச்சை-சிவப்பு-நீலம், பிரகாசம் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். சிவப்பு கேட்டால் பச்சை எரிகிறது என்றால் நிற வரிசை மாறியிருக்கிறது, போர்டில் ஒன்றுமில்லை. ஆறாவது வரை எரிந்து ஏழிலிருந்து இருட்டு என்றால் ஆறின் டேட்டா அவுட், ஏழின் டேட்டா இன், இந்த இரண்டு சால்டரையும் மறுபடி உருக்குங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ஏழைக் கழற்றி மாற்றுங்கள், அப்புறம் ஆறை.

போர்டு சேலத்தில் ஹாலில் தொங்கப்போகிறது என்றால் இத்துடன் சரி. மலைமேல் வராண்டாவில் மாட்டுவதாக இருந்தால் பனிமூட்டம் சால்டர் மேலெல்லாம் படியும், அதனால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் ஃப்ளக்ஸை (சால்டர் செய்தபின் மிஞ்சுகிற பிசின்) துடைத்து, நன்றாகக் காயவைத்து, டெர்மினலை டேப்பால் மூடிவிட்டு, அக்ரிலிக் கோட்டிங் ஸ்ப்ரே மெல்லிசாக இரண்டு தடவை அடியுங்கள்.