ஆய்வு நிதிக் குழுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேண்டியவருக்குச் சலுகை காட்டுவது தவறு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேர்மையாக உட்காரும் புதுக் குழுக்களும் மாறுபட்ட யோசனைகளைக் கழித்துக்கட்டுவது வேறு வழிகளில்.

சராசரியை நம்புவது

எரிச்சல் தீராத தவறு இது. ஐந்து மதிப்பீட்டாளர்கள், பத்துக்கு மதிப்பெண். முதல் விண்ணப்பத்துக்கு ஐவரும் 7 போடுகிறார்கள். இரண்டாவதற்கு 10, 10, 9, 3, 2; சராசரி 6.8. வெட்டுக்கோடு 7 என்றால் இரண்டாவது வெளியே. மூன்று பேரை நிமிர்ந்து உட்காரவைத்த யோசனை, ஒரு வார்த்தை விவாதிக்கப்படாமல் எக்செல் தாளிலேயே முடிந்துபோகிறது. நிதி சுருங்கி வெட்டுக்கோடு 8.5 ஆனால் இன்னும் மோசம்: நாலு பேர் முழுசாக 10 கொடுத்தாலும் ஐந்தாமவரின் ஒரே ஒரு 2 போதும். இது புரிந்த விண்ணப்பதாரர் அடுத்த முறை யாருக்கும் உறுத்தாததையே எழுதி அனுப்புவார்.

சராசரிக்குப் பக்கத்தில், அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியைப் போடுங்கள். அது 5 அல்லது அதற்கு மேல் என்றால், சராசரி எதுவானாலும் கூட்டத்தில் பேசியாக வேண்டும். 2 போட்டவரிடம் காரணம் கேளுங்கள். "ஒப்பிட்டுப் பார்க்க கட்டுப்பாட்டுக் குழு இல்லை, மாதிரி எண்ணிக்கை போதாது" என்றால் ஆய்வு முறையில் குறை, ஏற்க வேண்டியதுதான். "இப்படி நடக்கவே நடக்காது" என்றால் அது வெறும் நம்பிக்கை. இரைப்பைப் புண்ணுக்கு பாக்டீரியா காரணம் என்று 1980களில் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் சொன்னபோது, அத்தனை அமிலத்தில் கிருமி எப்படி வாழும் என்றுதான் பலரும் கேட்டார்கள். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. (நிராகரிக்கப்பட்டவர் எல்லாரும் மார்ஷல் ஆகிவிட மாட்டார்கள். முறைக் குறையைத் தனியே பிரிக்கச் சொல்வது அதனால்தான்.)

தசம வித்தியாசத்தில் வெட்டுவது

6.9க்கும் 7.0க்கும் தரத்தில் வித்தியாசம் கிடையாது. பிரித்தறிய முடியாதவற்றைக் குலுக்கலுக்கு விடுங்கள். நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013இல் ஒரு திட்டத்தில் குலுக்கலைக் கொண்டுவந்தது; சுவிஸ் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2021 முதல் பயன்படுத்துகிறது.

தலைவர் முதலில் பேசுவது

கடைசியில் பேசட்டும்.

பெயரைப் பார்த்துவிட்டு யோசனையைப் படிப்பது

முதல் சுற்றில் பெயர், நிறுவனம் இரண்டையும் மறையுங்கள். டென்மார்க்கின் வில்லும் அறக்கட்டளை இப்படி ஒரு திட்டமே நடத்தியிருக்கிறது.

முழுத்தொகையையும் முதலிலேயே கொடுப்பது

துணிச்சலான யோசனைக்குச் சிறு தொகை, ஓராண்டு. எந்த முடிவு வந்தால் நிறுத்துவது என்பதை, பணம் கைமாறும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.