மாணவர் கடனில் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி கட்டுவது எப்படி?

சித்தி மகளிடமிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு போன். மே மாதம் பட்டம் வாங்கியவள். "அக்கா, மாசம் 329 டாலர் கட்டணுமாம். பத்து வருஷம்!" என்றாள். அழுகைக்கு அரை அங்குலம் முந்தைய குரல்.

31,000 டாலர் கடன், சராசரி வட்டி 5 சதவீதம். அமெரிக்க அரசு மாணவர் கடனில், பெற்றோரைச் சார்ந்த இளநிலை மாணவர் மொத்தமாக வாங்க முடிகிற உச்சவரம்பே அந்த 31,000 தான். அதை முழுதாக வாங்கியிருக்கிறாள். நான் கடனைப் பற்றிப் பேசவில்லை. "வேலை எங்கே?" என்றுதான் கேட்டேன். கவுன்டி சுகாதாரத் துறை, சம்பளம் 51,000 என்றாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பலரும் முதலில் தவணைத் திட்டத்தைத் தேடி, பிறகு தள்ளுபடியைப் பற்றி யோசிக்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். உங்கள் முதலாளி அரசாங்கமா, 501(சி)(3) வகை லாபநோக்கற்ற அமைப்பா, தனியார் நிறுவனமா? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது. முதல் இரண்டு வகை என்றால் 2007-இல் சட்டமான பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி, அதாவது பிஎஸ்எல்எஃப், உங்களுக்கும் உண்டு. வாரம் 30 மணி நேரமாவது வேலை பார்த்து, தகுதியான 120 தவணைகள் கட்டினால் மிச்சம் தள்ளுபடி. தொடர்ச்சியாக 120 மாதம் இருக்க வேண்டியதில்லை, நடுவில் வேறு வேலைக்குப் போய்த் திரும்பியும் வரலாம். ஒரே ஒரு பொறி: வழக்கமான பத்து வருடத் திட்டத்தில் 120 தவணை கட்டினால் தள்ளுபடி செய்ய மிச்சமே இருக்காது! அதனால் வருமானத்தை ஒட்டித் தவணை ஏறி இறங்கும் திட்டத்துக்கு மாறியே ஆக வேண்டும்.

இந்தத் திட்டங்களில்தான் இப்போது குழப்பம். அவற்றில் ஒன்றான சேவ் நீதிமன்றத்தில் அடிபட்டுப் போயிற்று. 2025-இல் வந்த சட்டம் பழைய திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு முடிவு தேதி குறித்துவிட்டு, 2026 ஜூலை 1 முதல் ராப் என்ற புதியதைக் கொண்டுவந்தது. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய கடனுக்கு ஐபிஆர் என்ற பழைய திட்டமும் கிடைக்கும். ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு புதுக் கடன் வாங்கினாலோ, பழைய கடன்களை ஒன்றாகச் சேர்த்தாலோ ஐபிஆர் கைநழுவிவிடும். யாராவது "கன்சாலிடேட் பண்ணிடுங்க, ஈஸி" என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

சித்தி மகளுக்காக அன்றிரவு ஒரு பழைய உறையின் பின்னால் போட்ட கணக்கு இது. ஐபிஆரில், வறுமைக் கோட்டின் ஒன்றரை மடங்கைக் கழித்துவிட்டு மீதி வருமானத்தில் 10 சதவீதம் (2014 ஜூலைக்கு முன்பே கடன் வைத்திருந்தவர்களுக்கு 15). 2025-இன் வறுமைக் கோட்டுத் தொகைப்படி, தனி ஆளுக்கு மாதம் சுமார் 229 டாலர். ராப் வேறு மாதிரி. வருமானம் பத்தாயிரம் ஏற ஏற, சதவீதமும் ஒன்று ஏறும், 10 சதவீதத்தில் நிற்கும். 50,000-ஐத் தாண்டினால் மொத்த வருமானத்துக்கும் 5 சதவீதம். 51,000-க்கு மாதம் 212.50.

இங்கேதான் சுவாரசியம். தவணையைக் கணக்கிட அரசு பார்ப்பது சம்பளத்தை அல்ல, வரிப் படிவத்தில் சில கழிவுகள் போக வரும் ஏஜிஐ என்ற வருமானத் தொகையை. ஓய்வூதியக் கணக்கில் வரிக்கு முன் 1,500 டாலர் போட்டால் ஏஜிஐ 49,500 ஆகிறது. உடனே 4 சதவீதப் படிக்கு இறங்கிவிடுகிறாள்: மாதம் 165. தன் பணத்தைத் தனக்கே சேமித்ததற்குப் பரிசாக மாதம் 47 டாலர் குறைகிறது. அந்த 165-இல் வட்டிக்குச் சுமார் 129 போக அசலில் 36 கழியும். அசல் குறைந்தது 50 டாலர் கழிய வேண்டும் என்று ராப் விதி சொல்வதால் மீதி 14-ஐ அரசு போடும். கட்டிய தொகை வட்டிக்கே போதாவிட்டாலும் பாக்கி வட்டி ஏறாது. "இதை ஏன் யாரும் சொல்லல?" என்றாள். என்னிடமும் யாரும் சொல்லவில்லை, கண்ணு.

தனியார் வேலைக்காரர்களுக்கு ராப் தள்ளுபடி 30 வருடம் கழித்து, ஐபிஆர் 20 அல்லது 25 வருடம். அதற்குள் பெரும்பாலோர் கட்டியே முடித்துவிடுவார்கள். 2026 முதல் அப்படித் தள்ளுபடியாகும் தொகை மத்திய அரசு வரிக்கும் உட்படும். பிஎஸ்எல்எஃப்புக்கு அந்த வரி கிடையாது. நல்ல சம்பளமும் சின்னக் கடனுமாக இருப்பவர்கள் தள்ளுபடிக் கனவை விட்டுவிட்டு வேகமாகக் கட்டித் தலைமுழுகுவதே மேல் என்பது என் கட்சி.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்து ஊர் வங்கியில் கடன் வாங்கியவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. இங்கே தனியார் வங்கியில் வாங்கியவர்களுக்கும் அப்படித்தான். குறைந்த வட்டிக்கு ஆசைப்பட்டு அரசுக் கடனைத் தனியாருக்கு மாற்றினால் திரும்பி வர வழியில்லை.

இனி காகித வேலை. நான் பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். தவணை வசூலிக்கும் நிறுவனம் நடுவில் மாறியபோது, புதியவர்களின் கணக்கில் என் தவணைகளில் பதினான்கு காணவில்லை. போனில் மணிக்கணக்கில் இசை கேட்டதுதான் மிச்சம். கடைசியில் காப்பாற்றியது, ஒவ்வொரு மாதமும் ரசீதைத் தரவிறக்கிப் போட்டு வைத்திருந்த ஒரு கோப்புறை. சேவ் வழக்கில் தவணை நிறுத்தி வைக்கப்பட்டபோது, கட்ட வேண்டாமே என்று ஒரு வருடம் சந்தோஷமாகச் சும்மா இருந்தேன். அந்த மாதங்கள் 120-இல் சேரவில்லை. கட்டாத மாதம் எண்ணப்படாத மாதம் என்று அப்போதுதான் உறைத்தது.

எனவே அவளுக்குச் சொன்னது: முதலில் ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் நுழைந்து, கல்லூரி மின்னஞ்சலை எடுத்துவிட்டுச் சொந்த மின்னஞ்சலைப் போடு. பட்டம் வாங்கியதிலிருந்து ஆறு மாதம் சலுகைக் காலம், அது முடியுமுன் திட்டத்துக்கு விண்ணப்பித்துவிடு. டபிள்யூ-2 என்ற வருடாந்திரச் சம்பளப் படிவத்தில் இருக்கும், ஈஐஎன் என்ற முதலாளியின் அடையாள எண்ணை அதே தளத்தில் போட்டால் பிஎஸ்எல்எஃப் தகுதி உண்டா என்று தெரிந்துவிடும். முதலாளி கையெழுத்திடும் சான்றுப் படிவத்தை வருடம் ஒருமுறை அனுப்பு, பத்து வருடம் காத்திருக்காதே. வேலை மாறினால் கிளம்பும் வாரமே வாங்கிவிடு. தானாகக் கழியும்படி வங்கிக் கணக்கை இணைத்தால் வட்டியில் கால் சதவீதம் குறையும்.

கட்ட முடியாத மாதம் வந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். 90 நாளில் கிரெடிட் ஸ்கோர் அடிவாங்கும், 270 நாள் தாண்டினால் கடன் தவறியவர் பட்டியல், வரி ரீஃபண்டிலேயே கைவைக்கலாம். வருமானம் குறைந்ததென்று காட்டி தவணையை மறுகணக்கிடச் சொல்லலாம். ராப்பில் மிகக் குறைந்த தவணை மாதம் 10 டாலர்தான்.

மறுநாள் காலை அவள் ஒரு படம் அனுப்பினாள். புது மின்னஞ்சலோடு தளத்தின் முகப்பு. அதற்குக் கீழே, "அக்கா, ஈஐஎன் எங்க இருக்கும்?" டபிள்யூ-2 ஜனவரியில்தான் வரும். அதுவரை ஹெச்ஆரிடம் கேட்கச் சொன்னேன்.