பெக்காமுக்கு ஆறு மாதத் தடை: ஓட்டுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 மே மாதம் லண்டன் பிராம்லி நீதிமன்றம், முன்னாள் கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் ஆறு மாதம் வாகனம் ஓட்டக் கூடாது என்று தடை விதித்தது. அவர் யார் மீதும் மோதவில்லை, குடித்திருக்கவும் இல்லை. காரை ஓட்டிக்கொண்டே கைப்பேசியைக் கையில் வைத்திருந்தார். பொதுமக்களில் ஒருவர் அதைப் பார்த்துப் புகார் கொடுத்தார்.

அந்தக் குற்றத்துக்கு 6 தண்டனைப் புள்ளிகளும் 750 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. வேகமாக ஓட்டியதற்காக ஏற்கெனவே அவரது உரிமத்தில் 6 புள்ளிகள் இருந்தன. பிரிட்டனில் மூன்று ஆண்டுகளுக்குள் செய்த குற்றங்களுக்காக 12 புள்ளிகள் சேர்ந்துவிட்டால், பொதுவாகக் குறைந்தது ஆறு மாதத் தடை. பலர் கவனிக்கத் தவறுவது இந்தக் கூட்டல் கணக்கைத்தான். அபராதத்தைக் கட்டியதும் விவகாரம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். புள்ளிகளோ உரிமத்திலேயே இருக்கின்றன.

வண்டி ஊர்ந்துதானே போகிறது என்று போனை எடுப்பது அடுத்த தவறு. பெக்காமின் வழக்கிலும் போக்குவரத்து மெதுவாக இருந்ததை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் சட்டத்தில் அது சாக்காகாது என்றார். சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் இதே விதிதான். 2022 மார்ச் முதல் பிரிட்டனில் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு படம் எடுப்பது, பாட்டு மாற்றுவது எல்லாமே குற்றம்.

ஒருமுறை தப்பியதை நம்பி இருப்பது இன்னும் ஆபத்தானது. மணிக்கு 40 மைல் எல்லையில் 59 மைல் வேகத்தில் போனதாகப் பெக்காம் மீது ஒரு வழக்கு இருந்தது. வழக்குத் தொடரப்போவதாகப் போலீஸ் அனுப்பும் நோட்டீஸ் 14 நாள் கெடுவுக்கு ஒரு நாள் தாமதமாக வந்ததால், 2018 செப்டம்பரில் அதிலிருந்து விடுபட்டார். இரண்டு மாதத்துக்குள் கைப்பேசி விவகாரம் வந்தது; அந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். திறமையான வழக்கறிஞர் ஒரு வழக்கை வெல்லலாம், பழக்கத்தை மாற்ற அவரால் முடியாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த விடுதலைச் செய்தியைப் படித்த பலர் சட்டத்தின் ஓட்டையை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம்தானே கூடுதல் வேகம் என்பதும் உதவாது. சுழற்பந்து மன்னன் ஷேன் வார்னே 40 மைல் எல்லையில் போனது 47 மைல்தான். முன்பே 15 புள்ளிகள் இருந்ததால் 2019-இல் அவருக்கு ஓராண்டுத் தடை கிடைத்தது.

நோட்டீஸ் வந்தால், ஓட்டியவர் யார் என்று 28 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருந்தால் அதற்கே 6 புள்ளிகள். வேறொருவர் பெயரைக் கொடுப்பது மிகப் பெரிய தவறு. முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹூனும் அவருடைய முன்னாள் மனைவியும் இப்படிப் புள்ளிகளை மாற்றிய குற்றத்துக்காக 2013-இல் தலா எட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்கள். வேகக் குற்றத்தின் புள்ளிகளை ஏற்றிருந்தால் சிறைக்குப் போக வேண்டியிருந்திருக்காது.

தடை வந்தால் வேலைக்குப் போவது சிரமம் என்று மட்டும் நீதிமன்றத்தில் சொல்வதும் போதாது. வழக்கமான சிரமத்தைத் தாண்டிய கடும் பாதிப்பை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். குடும்பத்தில் உங்களை நம்பியிருப்போர் படும் பாட்டுக்கும் அங்கே மதிப்பு உண்டு.

தடைக் காலத்தில் கடைக்குப் போய்வர என்றுகூட ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். சிக்கினால் சிறைத் தண்டனை கிடைக்கலாம், காப்பீடும் செல்லாது. தடை 56 நாட்களோ அதற்கு மேலோ என்றால், அது முடிந்த பிறகு உரிமத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கேட்கும்போது பழைய தடையை மறைத்தால், விபத்து நேரும் நாளில் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.