தேநீரில் சீனியைக் கரைக்காமல் பனங்கட்டியைக் கடித்துக் குடியுங்கள்

வெறும் தேநீரில் சீனியைக் கரைப்பதற்குப் பதிலாக, சிறு பனங்கட்டித் துண்டொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கடிக்கு இரண்டு மூன்று மிடறாகக் குடித்தால், மிகக் குறைந்த இனிப்பே ஒரு கோப்பைக்குப் போதுமாகும். 1990இல் இலங்கை அரசு வடக்கின் மீது விதிக்கத் தொடங்கிய பொருளாதாரத் தடையால் சீனி அரிதாகி விலையேறிய காலத்தில், யாழ்ப்பாணத்தில் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பல இளம் தம்பதியர் காலைத் தேநீரை இப்படித்தான் குடித்தனர்.

கரைத்த சீனி கோப்பை முழுவதும் பரவி நீர்த்துப்போவதுடன், கலக்காத பகுதி அடியிலும் தங்கிவிடுகிறது. கடிக்கும் துண்டோ நேரே நாவில் கரைவதால், தேயிலைச் சாயத்தின் கசப்பு அதனை மேலும் இனிப்பாகக் காட்டுகிறது. ஆனால் துண்டுகளை முன்கூட்டியே சிறிதாக உடைத்து, காற்றுப் புகாத போத்தலில் வைக்க வேண்டும். பெரிய கட்டியைக் கையில் கொடுத்தால் சிக்கனம் நிலைக்காது (இது பெரும்பாலும் கணவன்மாருக்கான எச்சரிக்கை). மாரியில் பனங்கட்டி ஈரம் உறிஞ்சிக் கசியும் என்பதால், மீதிக் கட்டிகள் உள்ள குட்டானை (பனையோலைச் சிறு பெட்டியை) அடுப்புக்கு மேலே தொங்கவிடுவது நல்லது.

பால் தேநீருக்கு இந்த முறை அவ்வளவாகப் பொருந்தாது. பனங்கட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் இதனைச் சீனிக்கு மாற்று என்று கொள்ளக் கூடாது.