வார்த்தைக்கு எவ்ளோன்னு கேட்டா என்ன சொல்றது? ஃப்ரீலான்ஸ் வெப்சைட் ரைட்டிங்குக்கு ரேட் போடுற விதம்

“ஒரு வார்த்தைக்கு எவ்ளோ வாங்குறீங்க?” புது க்ளையன்ட் கேக்குற முதல் கேள்வி பெரும்பாலும் இதான். நானும் ஆரம்பத்துல டக்குனு ஒரு நம்பர சொல்லிட்டு இருந்தேன். அந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா, வேற யாரோ வாங்குறதா காதுல விழுந்தது, அதுலயும் பயத்துல கொஞ்சம் குறைச்சது. அப்படி ஒரு கம்பெனிக்கு ஹோம் பேஜ் எழுதுனேன், மொத்தமே 250 வார்த்தை, ஆனா மூணு ஃபோன் கால், பார்ட்னர்ஸ் ரெண்டு பேருக்கும் ஒத்துவராம ஆளுக்கொரு திருத்தம், இப்படியே ரெண்டு வாரம் ஓடிப்போச்சு, பில் போட்டது என்னவோ அந்த 250 வார்த்தைக்குத்தான். அதுக்கப்புறம்தான் உக்காந்து கணக்கு போட்டேன்.

மொதல்ல வருஷத்துக்கு உங்களுக்கு எவ்ளோ தேவைன்னு எழுதுங்க. வீட்டுச் செலவு மட்டும் இல்ல, வரி, இன்ஷூரன்ஸ், லேப்டாப், நெட், சாஃப்ட்வேர் சந்தா, வேலை வராத மாசத்துக்குன்னு எடுத்து வைக்கிறது, எல்லாம் சேர்த்து. வேலைக்குப் போறவங்களுக்கு கம்பெனி கொடுக்குற லீவும் பிஎஃப்பும் நமக்கு யாரும் கொடுக்கப் போறதில்ல, அதையும் நாமதான் ரேட்டுக்குள்ள வைக்கணும். கணக்குக்காக மொத்தம் 36,800ன்னு வச்சுக்குவோம், எந்த ஊர்க் காசா வேணா இருக்கட்டும்.

இப்ப மணி நேரம். வாரத்துக்கு 40 மணி, வருஷத்துக்கு 52 வாரம், ஆக 2,080ன்னு போட்டு வகுத்தீங்கன்னா மணிக்கு 17.69 வரும், நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான். லீவு, காய்ச்சல், வீட்டு விசேஷம்னு ஒரு 6 வாரம் கழிச்சா மிச்சம் 46 வாரம், அதாவது 1,840 மணி. அதுலயும் பாதி நேரம் மெயில் அடிக்கிறது, கொட்டேஷன் அனுப்புறது, காசு வரலைன்னு ஞாபகப்படுத்துறது, புது க்ளையன்ட் தேடுறதுன்னு போகும், இதுக்கெல்லாம் யார்கிட்டயும் பில் போட முடியாது. அப்ப கையில நிக்கிறது 920 மணிதான். 36,800ஐ 920ஆல வகுத்தா மணிக்கு 40. பாதிங்குறது நான் எடுத்துக்கிட்ட கணக்கு, உங்களுக்கு கூடக் குறைய இருக்கலாம். இந்த 40தான் உங்க தரை, இதுக்குக் கீழ இறங்குனா சொந்தக் காச போட்டு அடுத்தவங்களுக்கு எழுதிக் கொடுக்குறீங்கன்னு அர்த்தம்.

சரி, ஒரு பேஜுக்கு எத்தன மணி ஆகும்? இத ஊகிக்காதீங்க, ஏன்னா நாம எல்லாருமே குறைச்சுத்தான் ஊகிக்கிறோம். ஒரு மாசம் டைமர் போட்டு குறிச்சு வைங்க, நோட்டுல கிறுக்கி வச்சாக்கூட போதும். 600 வார்த்தைல ஒரு சர்வீஸ் பேஜ்னு வைங்க: கால் பேசி ப்ரீஃப் (என்ன வேணும்ங்குற விவரம்) வாங்க 1 மணி, ரிசர்ச்சுக்கு 2, அவுட்லைன் அரை மணி, ட்ராஃப்ட் இரண்டரை, எடிட்டிங் 1, திருத்தங்களுக்கு ஒன்றரை, மெயில் போக்குவரத்துக்கு அரை. மொத்தம் 9 மணி, 360 ஆச்சு, எழுதுறதுக்குன்னு போனது இரண்டரை மணிதான் பாருங்க. வார்த்தைக்குப் பிரிச்சா 0.60. அதே நீங்க நல்லா தெரிஞ்ச சப்ஜெக்ட்ல 1,500 வார்த்தை ப்ளாக் 7 மணில முடிஞ்சா 280, வார்த்தைக்கு 0.19 கூட வராது. அந்த 250 வார்த்தை ஹோம் பேஜ் 10 மணில முடிஞ்சிருந்தாக்கூட வார்த்தைக்கு 1.60. ஒரே ஆள், ஒரே மணிக்கூலி, மூணு வேலைக்கு மூணு வார்த்தை ரேட். இதுல எந்த நம்பர “என் ரேட்”னு சொல்லுவீங்க?

அதனால நான் வார்த்தை ரேட் சொல்றத நிறுத்திட்டு பேஜுக்கோ ப்ராஜெக்ட்டுக்கோ மொத்தமா ஒரு விலை சொல்றேன். மணிக்கணக்க க்ளையன்ட்கிட்ட காட்டுறதும் இல்ல, ஏன்னா அனுபவம் ஏற ஏற வேகம் கூடும், மணிக்கு பில் போட்டா வேகமா முடிச்ச தப்புக்கு கம்மியா வாங்குற கதையாயிடும். ரெண்டு விஷயத்துக்கு மட்டும் மணிக்கூலிதான்: ஒன்னு, வேலை எவ்ளோன்னு அவங்களுக்கே தெரியாதப்ப, இன்னொன்னு, ஏஐ எழுதுன ட்ராஃப்ட்ட குடுத்து “சும்மா ஒரு தடவ பாத்துக் குடுங்க”ன்னு கேக்கும்போது, அந்த “சும்மா”வுல தகவல் சரிபாக்குறதுலேர்ந்து மறுபடி எழுதுறது வரைக்கும் எல்லாமே ஒளிஞ்சிருக்கும்.

தரைக்கு மேல எவ்ளோ ஏத்தலாம்னா, அது அந்த பேஜ் அவங்களுக்கு என்ன வேலை செய்யப் போகுதுங்குறதப் பொறுத்தது. ஆள வாங்க வைக்கிற சேல்ஸ் பேஜும் இடத்த நிரப்புற ப்ளாக்கும் ஒன்னு இல்ல. மருத்துவம், சட்டம், பணம் சம்பந்தப்பட்டதுன்னா ஒவ்வொரு வரியும் சரிபாக்கணும், ஏத்திக்கோங்க. அவசரம்னா தனிச் சார்ஜ்.

அப்புறம் ப்ளாட்ஃபார்ம் கமிஷன், அதாவது க்ளையன்ட்ட புடிச்சுக் குடுக்குற வெப்சைட் எடுத்துக்குற பங்கு. 10% பிடிப்பாங்கன்னா 360 மேல 10% சேத்து 396ன்னு சொல்லாதீங்க, கமிஷன் போக 356.40தான் வரும். 360ஐ 0.9ஆல வகுங்க, 400, அதுல 40 போனா சரியா 360. சின்ன விஷயம்தான், ஆனா வருஷம் பூரா ஒழுகும்.

விலைய விட கொட்டேஷன்ல எழுதுற வரிகள்தான் உங்கள காப்பாத்தும். எத்தன பேஜ், தோராயமா எத்தன வார்த்தை, எத்தன ரவுண்டு திருத்தம் (நான் 2 வைக்கிறேன், மூணாவதுலேர்ந்து காசு), ஃபீட்பேக் எத்தன நாளுக்குள்ள வரணும், அவங்க பக்கம் முடிவு சொல்றது யாரு, இதெல்லாம் எழுத்துல இருக்கட்டும். கீவேர்ட் (ஜனங்க கூகுள்ல தேடுற வார்த்தை) தேடுறது, மெட்டா டிஸ்கிரிப்ஷன் (கூகுள் ரிசல்ட்ல தலைப்புக்குக் கீழ காட்டுறதுக்கான சின்ன விவரம்), வேர்ட்பிரஸ்ல (வெப்சைட் நடத்துற சாஃப்ட்வேர்) ஏத்தி விடுறது இதுல சேருமா சேராதான்னும் போட்டுடுங்க, இல்லன்னா இடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குற கதைதான். பாதி அட்வான்ஸ் வந்தப்புறம் ஆரம்பிங்க, முழுக்காசு வந்தப்புறம்தான் உரிமை அவங்களுக்குன்னும் ஒரு வரி சேத்துக்கோங்க.

பேரம் பேசுனா விலைய குறைக்காதீங்க, வேலைய குறைங்க. “அந்த பட்ஜெட்ல 5 பேஜ் முடியாது, 3 பேஜ் பண்ணலாம்” இவ்ளோதான் பதில். ஒன்னையும் எடுக்காம விலைய மட்டும் இறக்குனா மொதல்ல சொன்னது டூப்னு ஆயிடும், அடுத்த தடவயும் அதே மாதிரி அடிச்சுக் கேப்பாங்க. சாம்பிள் எழுதிக் காட்டச் சொன்னா பழைய வேலைய காட்டுங்க, புதுசாத்தான் வேணும்னா காசுக்கு ஒரு பேஜ். விலைய சொல்லிட்டு வாய மூடிக்கிறதும் ஒரு திறமை, எனக்கு இன்னும் முழுசா கைவரல, அமைதியா இருந்தா உடனே “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்”னு வாய்ல தானா வந்துடும்.

ரேட் ஏத்தணும்னா புது க்ளையன்ட்கிட்ட ஆரம்பிங்க, அவங்களுக்கு உங்க பழைய விலை தெரியாது. பழையவங்களுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஒரு சின்ன மெயில்: இந்தத் தேதிலேர்ந்து ஒரு பேஜ் இவ்ளோ, கையில இருக்குற வேலை பழைய விலைலயே முடிச்சுத் தர்றேன். விலைவாசி, வீட்டு நெலம எல்லாம் அதுல எழுத வேணாம், மன்னிப்பும் கேக்க வேணாம். ஒத்துவராதுன்னு சொன்னா கையில இருக்குறத நல்லபடியா முடிச்சுக் குடுத்து ஃபைல ஒப்படைச்சிடுங்க. நான் அப்படி அனுப்பிவச்சவங்கள்ல ஒருத்தர் கொஞ்ச மாசம் கழிச்சு புது ரேட்லயே திரும்பி வந்தாரு, நடுவுல எழுதி வாங்குன அடிமாட்டு விலை பேஜ் எல்லாத்தையும் மறுபடி எழுதச் சொல்லி.